குலசையில் காளியிடம் பெயர் கேட்டேன்

நெல்லையில் இதழியல் படித்தபோது, கல்லூரி இதழுக்காகக் குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தின் தசரா பற்றி எழுதப் போனேன். முத்தாரம்மன் கோயிலின் பத்து நாள் திருவிழா அது. பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசூர சம்ஹாரம். எல்லோரும் அந்த இரவைத்தான் படமெடுக்க வருவார்கள். நான் நாலு நாள் முன்னாலேயே போய், உடன்குடிப் பக்கம் ஒரு தசரா செட்டோடு, அதாவது வேடம் போடுகிறவர்களின் குழுவோடு, சேர்ந்துகொண்டேன்.

குலசையில் வேடம் போடுவது வேண்டுதல். நோய் தீரணும், பிள்ளை பிறக்கணும் என்று நேர்ந்துகொண்டு, மாலை போட்டு விரதமிருந்து, கொடியேறியதும் காப்புக் கட்டுவார்கள். ராஜா, குறத்தி, போலீஸ், குரங்கு என்று எந்த வேடமும் போடலாம். வேடத்தோடு ஊர் ஊராகப் போய் வாங்கும் காணிக்கை, கோயில் உண்டியலுக்குப் போய்விடும். காளி வேடத்துக்கு மட்டும் விரதம் ரொம்பக் கடுமை.

எங்கள் செட்டில் ஒரு காளி. ஒரு தெருவில் மேளம் நின்ற நேரம் பார்த்து, "அண்ணாச்சி, உங்க பேரு, வயசு சொல்லுங்க" என்று நோட்டை நீட்டினேன். பதிலே இல்லை. செட்டுத் தலைவர் என்னைத் தள்ளிக் கூட்டிப்போனார். "தம்பி, காப்புக் கட்டியாச்சு. இப்ப அது அம்மா. அம்மாட்டப் போய்ப் பேரு கேப்பாவளா?"

செய்திக்குப் பெயர், வயது, ஊர்தான் முதலில் வேண்டும் என்று வகுப்பில் படித்திருந்தேன். அங்கே அது செல்லவில்லை. நோட்டை மூடிவிட்டுத் தண்ணீர்க் கேன் தூக்கினேன். அப்புறம்தான் கண்ணுக்குச் சிலது பட்டது. ஒரு பாட்டி சொம்பில் அரிசியோடு வந்து, காளியின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பேத்திக்குக் குங்குமம் வாங்கினாள். இரவில் கிரீடத்தைக் கழற்றியபோது அவர் நெற்றியில் பட்டையாகச் சிவந்த தடம்.

சம்ஹாரத்தன்று கூட்டத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவர்களின் முதுகுதான். நல்ல படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

மறுநாள் காப்பு அவிழ்த்த பிறகு, காளி வேடம் போட்டவரே என்னைத் தேடி வந்தார். காதோரம் சிவப்புச் சாயம் இன்னும் போகவில்லை. "நோட்ட எடு தம்பி" என்று பெயர், வயது, ஊர் எல்லாம் சொன்னார். கொத்தனார். மகள் காய்ச்சலில் படுத்துப் பிழைத்த வருடம் நேர்ந்தாராம், இது ஐந்தாவது வருடம்.

கட்டுரையில் அவர் பெயரைக் கடைசிப் பத்தியில் வைத்தேன். முதல் பத்திக்குக் கொண்டு வரச் சொன்னார் பேராசிரியர். காப்பு அவிழ்த்த பிறகு கிடைத்த பெயர் சார், முன்னால் வைக்க மனசு வரவில்லை என்றேன். சரி என்று அப்படியே விட்டுவிட்டார்.