அன்இன்ஸ்டால் செய்த ஆன்டிவைரஸின் மிச்சத்தை முழுவதும் எடுப்பது எப்படி?

கூழாங்கல் (கேள்வி):
விண்டோஸ் 11. பழைய ஆன்டிவைரஸை செட்டிங்ஸ் வழியாக நீக்கியாயிற்று, ஆப்ஸ் பட்டியலில் பெயர் இல்லை. ஆனாலும் புதியதை நிறுவப் போனால், வேறொரு பாதுகாப்பு மென்பொருள் இருப்பதாகச் சொல்லி நின்றுவிடுகிறது. புரோகிராம் ஃபைல்ஸில் பழைய ஃபோல்டர் அப்படியே கிடக்கிறது. அழிக்கப் போனால் அனுமதி இல்லை என்கிறது. பின்னணியில் ஓடும் நிரல்களைக் காட்டும் சர்வீசஸ் பட்டியலிலும் அதன் பெயர் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரியைத் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) துப்புரவாக்கும் ரெஜிஸ்ட்ரி கிளீனர் ஓட்டினால் போகுமா?

திருப்புளி:
ரெஜிஸ்ட்ரி கிளீனர் வேண்டாம். உங்கள் சிக்கல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஆன்டிவைரஸின் டிரைவரில் (விண்டோஸின் அடிமட்டத்தில் இயங்கும் நிரல்) இருக்கிறது. கிளீனர் அதைத் தொடவே தொடாது. ஆன்டிவைரஸ்கள் தங்கள் ஃபோல்டரையும் சர்வீஸையும் யாரும் கைவைக்காதபடி டிரைவர் மட்டத்திலேயே காத்துக்கொள்ளும். அனுமதி மறுக்கப்படுவது அதனால்தான்.

முதலில் ரீஸ்டோர் பாயின்ட் (ஏதாவது கெட்டால் திரும்பிவரும் நிலை) ஒன்று உருவாக்குங்கள். அதற்குத் தேவையான சிஸ்டம் புரொடக்‌ஷன் பல கணினிகளில் அணைந்தே கிடக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த நிறுவனமே தரும் ரிமூவல் டூலை இறக்கி, அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் ஓட்டுங்கள். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போகலாம். அங்கே ரீஸ்டார்ட் கொடுத்து, கணினி மீண்டும் எழுந்ததும் 4-ஐ அழுத்துங்கள். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க ரெகவரி கீ கையில் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள்.

டூல் கிடைக்காவிட்டால் அதே பதிப்பை மேலேயே மறுபடி நிறுவி, பிறகு முறையாக நீக்குங்கள். அரைகுறையாக நின்ற அன்இன்ஸ்டால் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

வேர்முடிச்சு:
டூல் ஓடிய பின்னும் மிச்சம் இருந்தால்தான் கைவேலை. சர்வீசஸில் அந்தப் பெயரை இருமுறை கிளிக் செய்யுங்கள். மேலே வரும் ‘சர்வீஸ் நேம்’தான் வேண்டும், பட்டியலில் தெரியும் பெயர் அல்ல. அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் எஸ்சி டெலிட் (sc delete) என்று அடித்து, அந்தப் பெயரைக் கொடுங்கள். விண்டோஸின் பவர்ஷெல்லில் அடிப்பதானால் எஸ்சி என்பதோடு டாட் எக்ஸியும் (sc.exe) சேர்க்க வேண்டும். அங்கே வெறும் எஸ்சி என்பது கோப்பில் எழுதும் வேறொரு கட்டளை. பிழைச் செய்தி வராது, சர்வீஸும் போகாது. நீக்கத்துக்குக் குறிக்கப்பட்டிருப்பதாகச் செய்தி வந்தால் சர்வீசஸ் ஜன்னலை மூடுங்கள், இல்லையேல் ரீஸ்டார்ட்.

குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரையும் பாருங்கள், அப்டேட் வேலைகள் அங்கே தங்கிவிடும். ஃபோல்டர்களில் பலர் மறப்பது புரோகிராம்டேட்டா; மறைந்திருப்பதால் கண்ணில் படாது. ஆப்டேட்டாவில் லோக்கல், ரோமிங் இரண்டும் உண்டு. ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், கரன்ட் யூசர் இரண்டின் சாஃப்ட்வேர் கிளையிலும், 32 பிட் மென்பொருளுக்கான வாவ்6432நோட் (WOW6432Node) கிளையிலும் நிறுவனத்தின் பெயரில் கீ (ஃபோல்டர் போன்ற பதிவு) இருக்கும். அழிக்கும் முன் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். அதே நிறுவனத்தின் வேறு மென்பொருள் கணினியில் இருந்தால் முழுக் கீயையும் அழிக்காதீர்கள்.

மடைதிறப்பான்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், கணினியே படுத்துவிடும் இடம் இதுதான். சிஸ்டம்32-க்குள் இருக்கும் டிரைவர்ஸ் ஃபோல்டருக்குப் போய், பழைய டிரைவர் கோப்பைக் கையால் அழிக்காதீர்கள். ரெஜிஸ்ட்ரியில் விசைப்பலகை, டிஸ்க் போன்ற சாதன வகைகளுக்கான கிளாஸ் கீயில் அப்பர்ஃபில்டர்ஸ் (UpperFilters), லோயர்ஃபில்டர்ஸ் (LowerFilters) என்ற மதிப்புகளில் அந்த டிரைவரின் பெயர் எழுதப்பட்டிருக்கலாம். பெயர் இருந்து கோப்பு இல்லாமல் போனால் அந்தச் சாதனம் எழும்பாது. அப்படி ஒரு வரி இருந்தால் முதலில் அந்த வரியை மட்டும் எடுங்கள். விசைப்பலகையின் அப்பர்ஃபில்டர்ஸில் விண்டோஸின் சொந்த டிரைவரான கேபிடிகிளாஸ் (kbdclass) இருந்தே ஆக வேண்டும். மதிப்பு முழுவதையும் அழித்தால் விசைகள் வேலை செய்யாது.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டரையும் குப்பை என்று காலி செய்துவிடாதீர்கள். மற்ற மென்பொருள்களை நீக்கவும் புதுப்பிக்கவும் அங்கிருக்கும் கோப்புகள் தேவை.

கூழாங்கல்:
நன்றி நண்பர்களே. சேஃப் மோடில் டூல் ஓடியதும் ஃபோல்டரும் சர்வீஸும் போய்விட்டன. பழையது பாதுகாப்பு மென்பொருளாக விண்டோஸில் இன்னும் பதிவாகி இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது?

திருப்புளி:
விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, செட்டிங்ஸில் மேனேஜ் புரொவைடர்ஸ் பாருங்கள். அங்கே பழைய பெயர் இல்லையென்றால் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் புதியதை நிறுவலாம்.