ஏழை நாடுகளோட எண்ணெய் ஸ்டாக் மைனஸ்ல வருது, எப்படி?

கேள்வி: எஃப்ஏஓ (ஐ.நா.வோட உணவு, விவசாய அமைப்பு) டேட்டால மிகவும் பின்தங்கிய நாடுகளோட சமையல் எண்ணெய் ஸ்டாக் மாற்றம் பாத்தேன், ஒரு வருஷம் ப்ளஸ் அடுத்த வருஷம் மைனஸ். இருப்பு எப்படிங்க மைனஸ்ல போகும்?

பதில் 1: அது இருப்பே இல்லங்க, வருஷ ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் உள்ள வித்தியாசம்தான். டிசம்பர்ல ஒரு பாமாயில் கப்பல் வந்து எண்ணெய் டேங்க்லயே கிடந்தா இந்த வருஷம் இருப்பு ஏறும், ஜனவரில வித்துட்டா அடுத்த வருஷம் இறங்கும், அவ்ளோதான். பங்களாதேஷ் மாதிரி பெரும்பாலும் இறக்குமதிய நம்புற நாட்டுல இந்த ஆட்டம் ஜாஸ்தி. ஆனா ப்ளஸ்னா ஏறுதா இறங்குதான்னு டேபிள் குறிப்புல பாத்துக்கோங்க, நான் ஒருதடவ தலகீழா படிச்சு அசிங்கப்பட்டேன் 😅

பதில் 2: இன்னொன்னு, பல நாட்டுல யாரும் குடோன் குடோனா போய் எண்றதில்ல, அதனால நிறைய நம்பர் மதிப்பீடுதான். ஒரே வருஷத்த வச்சு முடிவு பண்ணாதீங்க.

பதில் 3: 2022 மட்டும் தனி கதை. உக்ரைன் போர்ல சூரியகாந்தி எண்ணெய் மாட்டிக்கிச்சு, ஏப்ரல் 28லேர்ந்து மே 23 வரைக்கும் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிய நிறுத்திச்சு. விலை எகிறுறப்போ கையில டாலர் இல்லாத நாடு எங்கேர்ந்து ஸ்டாக் வைக்கும்?

கேள்வி கேட்டவர்: ஓ, அப்போ மூணு வருஷ சராசரி போட்டு பாக்குறேன், நன்றிங்க.