படம் வரையத் தெரிஞ்சா செலைக்கு டிசைன் போட்டுறலாம்னு மயிலாடிக்குப் போன கதை

நான் பென்சில் ஷேடிங் பண்ணுத ஆளு, கல்யாணத்துக்கு போர்ட்ரெய்ட் கேட்டெல்லாம் வருவாங்க. போன வருஷம் எங்க குடும்பக் கோயில்ல பழைய பிள்ளையார் ஒடஞ்சு போச்சு, புதுசு செய்யணும், நீதான் வரைவியே டிசைன் நீயே போடுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க, நானும் நாலு நாளு உக்காந்து தும்பிக்கைச் சுருக்கம் வரைக்கும் ஷேடு பண்ணி சார்ட்ட சுருட்டிட்டு மயிலாடிக்குப் போனேன், கன்னியாகுமரி மாவட்டத்துல கல்லுச் செல செய்யுத ஊரு.

பட்டறை ஆசாரி பாத்துட்டு "கொள்ளாம் மக்கா"ன்னாரு. பெறகு பேப்பரைத் திருப்பிப் பாக்காரு. "பக்கவாட்டு எங்க? முதுகு எங்க?" எனக்கு ஒண்ணும் ஓடல. தொந்தி எவ்வளவு முன்னால தள்ளி நிக்கும்னு கேட்டாரு, அதான் நெழல்ல காட்டியிருக்கேனேன்னேன். "நெழல நீ போடாண்டாம், அது வெயிலு போட்டுக்கிடும்"னாரு.

அவரு கல்லுல வரைஞ்சது வேற சங்கதி. நட்ட நடுவுல நூலு பிடிச்சு ஒரு கோடு, பிரம்ம சூத்திரமாம். தாளம்னா செல ஒசரத்துக்கு உள்ள அளவு, பிள்ளையாருக்குப் பஞ்ச தாளம், அதாவது அஞ்சு, தாளத்துக்கு 12 அங்குலம், ஆக மொத்த ஒசரத்த 60 பங்கா பிரிக்காரு. அங்குலம்னா இஞ்ச் இல்ல கேட்டியளா, எங்க செல 30 இஞ்ச், அப்பம் ஒரு அங்குலம் அரை இஞ்ச். காவியில கட்டம், கட்டத்துக்குள்ள வளைவு, முன்னால ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. அழகுன்னு சொல்ல ஒண்ணுமில்ல, வீட்டு பிளான் மாதிரி இருந்துச்சு.

அதுக்கு மேலதான் எனக்கு வயித்தெரிச்சல். உளி வச்சு ஒரு அடுக்கு தட்டுனதும் வரைஞ்சது பூரா தூளாப் போச்சு. திரும்ப காவியத் தொட்டு வரைஞ்சாரு, திரும்பவும் போச்சு. மொகத்துல மட்டும் நான் பாக்கவே ஏழெட்டு தடவ இருக்கும். ஒவ்வொரு தடவயும் மொதல்ல அந்த நடுக்கோடு, பெறகுதான் மத்தது. நானெல்லாம் ரப்பர எடுக்கவே பத்து தடவ யோசிப்பேன்.

வீட்டுக்கு வந்து அதே பிள்ளையாரப் பக்கவாட்டுல வரைஞ்சு பாத்தேன், காது தலையில எங்கன சேருதுன்னே எனக்குத் தெரியல. ஒங்க யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

---

அண்ணே எனக்கு கன்னியாகுமரி வள்ளுவர் செலகிட்ட நடந்துச்சு. 133 அடியில பீடம் 38 போக செல மட்டும் 95 அடி, கணபதி ஸ்தபதி இடுப்புல லேசா ஒரு ஒடிப்பு வச்சிருப்பாருல்லா, அத பிடிக்கணும்னு நோட்டோட போனேன். இப்பம் கண்ணாடிப் பாலம் வேற இருக்கு, 77 மீட்டர், நின்னு நின்னு நாலு ஸ்கெட்ச் போட்டேன் (பின்னால தள்ளிட்டே இருந்தானுவ). நாலுலயும் இடுப்பு வேற வேற. பக்கவாட்டா போட்டதுல ஒடிப்பே இல்லாம கம்பு மாதிரி நிக்காரு. கை தப்பிப் போச்சுன்னு திரும்பிப் போய்ப் பாத்தா அங்கேருந்து அப்படித்தான் தெரியுது!

---

எனக்கு நேர் எதிரு, களிமண்ணு வரும், பென்சில் வராது. சிதறால் மலையில பாறையில செதுக்குன சமணத் தீர்த்தங்கரர்களப் பாத்ததுலேருந்துதான் வரையவே தைரியம் வந்துச்சு, முதுகே கெடையாது, பாறையிலேருந்து கொஞ்சூண்டு எழும்பி நிக்குது, படமா செலயான்னா ரெண்டுந்தான். திருநந்திக்கரை குகைக்கும் ஒருக்கா போயிட்டு வாங்க அண்ணே. 9ஆம் நூற்றாண்டு ஓவியம், வண்ணம் போயி கோடு மட்டும் மிஞ்சிக் கெடக்கு. ஒங்க ஆசாரிகிட்ட கோடு போயி கல்லு மிஞ்சுது.

---

திருநந்திக்கரை கண்டிப்பா போறேன். பிள்ளையார் வந்து சேந்தாச்சு. வண்டியிலேருந்து எறக்கும்போ பாத்தேன், முதுகுல நடுவுல ஒரு சாண் நீளத்துக்கு காவிக்கோடு அப்படியே இருந்துச்சு. தொடைக்கப் போன மாமாவ, ரெண்டு அபிஷேகத்துல தானாப் போயிரும் விடுங்கன்னு சொல்லி நிறுத்திட்டேன்.