அயர்ன் ஹார்ஸ் சண்டே ஃபிரேம் கிடைத்திருக்கிறது: ஓட்டுவதா, சுவரில் மாட்டுவதா?

மண்தடம்:
வணக்கம். 2007 காலத்து அயர்ன் ஹார்ஸ் சண்டே என்ற டவுன்ஹில் (மலையிறக்கப் பந்தய) சைக்கிளின் ஃபிரேம் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. டவுன்ஹில் வீரர் சாம் ஹில் உலகப் பட்டம் வென்ற மாடல் என்பதால் விட மனசு வரவில்லை. 26 அங்குலச் சக்கரத்துக்கு இனி வேலையே இல்லை என்கிறான் என் தம்பி. முழு வண்டியாகக் கட்டி மலைத்தடத்தில் இறக்கலாமா? இந்தப் பழைய டவுன்ஹில் வண்டிகளிடமிருந்து இன்றைய வண்டிகள் உண்மையில் எதையாவது எடுத்துக்கொண்டனவா?

பல்சக்கரம்:
பெயிண்டைத் துடைத்துவிட்டு ஹெட் டியூப் (முன் ஃபோர்க் நுழையும் குழாய்) வெல்டையும் ஷாக் (பின்பக்க அதிர்வுதாங்கி) மாட்டும் இடத்தையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முடி அளவு கீறல் தெரிந்தாலும் சுவர்தான். கீறல் இல்லையென்றால், பின்சக்கரப் பகுதியை ஃபிரேமோடு இணைக்கும் லிங்க்குகளின் பேரிங்குகளை மொத்தமாக மாற்றுங்கள்.

இறக்கப்பாதை:
ஃபிரேம் நன்றாக இருந்தால் தாராளமாகக் கட்டுங்கள். சண்டே மேல் எனக்குத் தனிப் பிரியம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அழுத்தி மிதிக்கும்போது எடை பின்பக்கம் சாயும், பின் சஸ்பென்ஷன் அமுங்கும். அந்த அமுக்கத்தைச் சங்கிலியின் இழுப்பை வைத்தே எதிர்த்து நிறுத்துகிற மாதிரி லிங்க்குகளை அமைத்தவர் டேவ் வீகிள். அவருடைய டிடபிள்யூ லிங்க்தான் சண்டேயின் உயிர். பிறகு ஐபிஸ், பிவட் நிறுவனங்களின் டிரெயில் வண்டிகளிலும் (ஏறவும் இறங்கவும் ஏற்ற மலை சைக்கிள்கள்) அது வந்தது. ஏறும்போது உங்கள் வண்டி குதிக்காமல் போகிறதென்றால், இறங்குவதற்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இன்னொன்று, 2008இல் இத்தாலியின் வால் டி சோலேயில் நடந்த டவுன்ஹில் உலக சாம்பியன்ஷிப். முடிவுக்குச் சற்று முன் ஒரு வளைவில் சாம் ஹில் சறுக்கி விழுந்தார். எழுந்து ஓட்டி முடித்தும் மூன்றாம் இடம்! வென்றவர் ஜீ ஆதர்டன். ஆனாலும் அந்த நாளைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஹில்லின் ஓட்டத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஷூவைப் பூட்டும் கிளிப் இல்லாத தட்டைப் பெடலில் அப்படி ஓட்டினார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

சண்டேக்கு முன்னால் இன்டென்ஸ் எம்1 என்ற டவுன்ஹில் வண்டி இருந்தது. 90களில் மற்ற நிறுவனங்களின் அணி வீரர்களே அதன் மேல் தங்கள் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு ஓட்டினார்கள், அவ்வளவு நல்ல ஃபிரேம். தடித்த த்ரூ ஆக்சில் (சக்கரத்தின் ஊடே செல்லும் அச்சு), ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், சாய்வான ஹெட் ஆங்கிள் (ஹெட் டியூபின் சாய்வு) எல்லாம் டவுன்ஹில் பந்தயத்தில் அடிபட்டுத் தேறியவை. இன்று சாதாரண டிரெயில் வண்டியிலும் இருக்கின்றன.

கல்லும்முள்ளும்:
பிரியம் சரி, ஆனால் தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2017இல் ஃபோர்ட் வில்லியம் உலகக் கோப்பையில் கிரெக் மின்னார் 29 அங்குலச் சக்கரம் கொண்ட சான்டா குரூஸ் வி10 வண்டியில் ஜெயித்ததிலிருந்து கணக்கே மாறிவிட்டது. வேர்களும் கற்களும் நிறைந்த தடத்தில் பெரிய சக்கரம் உருண்டு போய்விடும், 26 சிக்கும்.

இறக்கப்பாதை:
நேரத்துக்கு ஓட்டுவதென்றால் நீங்கள் சொல்வது உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் இறுக்கமான வளைவுகளில் 26 திரும்பும் வேகம் எனக்கு இன்னும் பிடிக்கும்.

மண்தடம், ஃபோர்க் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். 29 அங்குலத்துக்கான ஃபோர்க்கை மாட்டினால் முன்பக்கம் உயர்ந்து வண்டியின் குணமே மாறிவிடும். அந்தக் காலத்து 26 அங்குல பாக்ஸர் (ராக்ஷாக்ஸ் நிறுவனத்தின் டவுன்ஹில் ஃபோர்க்) ஒன்றைத் தேடிப் பிடித்து, சீல்களையும் எண்ணெயையும் மாற்றிப் போடுங்கள். கட்டி முடித்ததும் படம் போடுங்கள், காத்திருக்கிறேன்.