அரைத்த சந்தனமும் வடித்த தைலமும்

சந்தனத் தைலத்தை முகர்ந்தும் பூசியும் பயனடைந்த அனுபவங்களைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் முதலில் ஒரு பிழை செய்தேன், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறது. கச்சான் என்னும் வெக்கைக் காற்று வீசும் ஆடி மாதத்தில் இரவாகியும் சுவர்களின் சூடு ஆறாது. எண்பதைத் தாண்டிய அம்மாவுக்கு அந்த நாட்களில் நித்திரையே வராது. பெங்களூருக்குப் போய்வந்த மச்சாள் 5 மில்லிலீற்றர் தைலம் கொண்டுவந்து தந்தபோது, "சந்தனம் குளிர்ச்சிதானே பிள்ளை, நெற்றியில பூசிவிடு" என்று அம்மாவே சொன்னார். நானும் யோசிக்காமல் இரண்டு துளிகளை அப்படியே பூசிவிட்டேன். விடியும்போது புருவத்துக்கு மேலே தோல் சிவந்து தடித்திருந்தது.

சந்தனம் என்றால் குளிர்ச்சி என்று நாம் பழகியிருப்பது கல்லில் அரைத்த சந்தனத்தை வைத்து. அது நீரும் மரத்தூளும் சேர்ந்த குழம்பு. அதில் தைலம் சிறு பங்குதான், நெற்றி குளிர்வதும் பெரும்பாலும் அந்த நீர் ஆவியாவதால்தான். தைலமோ, முற்றிய மரத்தின் வயிரத்தையும் (மணமுள்ள நடுமரம்) வேரையும் தூளாக்கி, நீராவியில் நெடுநேரம் வடித்து எடுக்கப்படுவது. வெளிமரத்தில் மணமே இல்லை. வயிரம் பாய்வதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும், விலைக்கு அதுவும் ஒரு காரணம். நல்ல தைலத்தில், அதன் முக்கிய மணக்கூறுகளான அல்பா சந்தலோல் 41 முதல் 55 வீதமும் பீற்றா சந்தலோல் 16 முதல் 24 வீதமும் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தர அளவு. இவ்வளவு செறிவான ஒன்றை, அரைத்த சந்தனம்போல நினைத்து வயதானவரின் மெல்லிய தோலில் பூசியது என் தவறு.

அதன்பிறகு 30 மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெயில் 12 துளிகள், அதாவது ஏறக்குறைய 2 வீதம் என்ற அளவில் கலந்து, முதலில் என் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்த்தேன். எரிச்சல் ஏதும் இல்லை. நல்லெண்ணெயில் கலக்கலாம் என்பார்கள். ஆனால் அதன் சொந்த மணம் சந்தனத்தை மூடிவிடுவதால் எனக்கு அது பிடிக்கவில்லை.

முகர்வதற்கும் எனக்கு ஒரு பாடம் தேவைப்பட்டது. மெழுகுதிரியின் மேல் வைக்கும் கிண்ணத்தில் நீர்விட்டுச் சில துளிகள் இட்டேன். அறையில் மணம் எழவே இல்லை, மச்சாள் ஏமாந்துவிட்டார் என்றுகூட நினைத்தேன். பிறகுதான் விளங்கியது: சந்தலோலின் கொதிநிலை ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் என்பதால், தேசிக்காய்த் தைலம்போல அது சட்டென்று ஆவியாகி அறையை நிறைக்காது. எனவே ஒரு துளியைப் பஞ்சில் இட்டு அம்மாவின் தலையணை ஓரத்தில் வைத்தேன். முதலில் மணம் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். கால்மணி நேரம் கழிந்ததும் பால் காய்ச்சியதைப் போன்ற ஒரு மென்மையோடு மரத்தின் மணம் மெல்ல வரும். மூன்றாம் நாளும் அந்தப் பஞ்சு மணத்தது.

இதற்கு முன்பு, கடற்கரைப் பக்கம் உல்லாசப் பயணிகளுக்காக விற்கும் ஒரு கடையில் 'சந்தனத் தைலம்' என்று ஒரு போத்தல் வாங்கியிருந்தேன். மூடியைத் திறந்ததும் வீடே மணந்தது. மறுநாள் காலை, துளி விட்ட கடதாசியில் எண்ணெய்க் கறை மட்டுமே எஞ்சியிருந்தது, மணம் இல்லை. திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் சந்தனத்தை நான் இப்போது நம்புவதில்லை.

அம்மாவுக்கு நித்திரை வந்ததா என்றால், வந்தது. ஆனால் அதைச் செய்தது தைலமா, பஞ்சை வைக்கும் சாட்டில் நான் அரைமணி நேரம் அருகில் அமர்ந்திருந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பகல் வெக்கைக்கு அவர் பழைய கல்லையே கேட்கிறார். அம்மம்மா வைத்திருந்த சந்தனக்கட்டை தேய்ந்து தேய்ந்து இப்போது என் பெருவிரல் அளவுக்கு வந்துவிட்டது. பிடித்து அரைப்பதே சிரமமாக இருக்கிறது.