நெய்த்தோரும் நெத்துருவும்: இந்த உறவுக்கு என்ன பெயர்?

ரோஸ் ஹில்லிலிருந்து:
அன்புடையீர், வணக்கம். 9ஆம் வகுப்புக்குத் தெலுங்கு ஆசிரியையும் நானும் சேர்ந்து ஒரு பயிற்சித் தாள் தயாரிக்கிறோம். மொழிகளை ஒப்பிட மொழியியலாளர் ஸ்வாதேஷ் தொகுத்த 100 அடிப்படைச் சொற்களின் பட்டியலில் சிலவற்றை எடுத்து இரு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கண்–கன்னு, பல்–பன்னு போல ஒரே மூலத்திலிருந்து வந்த சொற்களை எப்படி அழைப்பது? 'இனச்சொல்' என்று எழுதிவிட்டேன், மனம் ஒப்பவில்லை. மொரீசியசில் 'இனம்' என்றதும் பிள்ளைகளுக்குத் தமிழர் வேறு, தெலுங்கர் வேறு என்பதுதான் நினைவுக்கு வரும். 'உறவுச்சொல்' என்றால் மாமா, அத்தை என்று எழுதுகிறார்கள்.

கத்ர் போர்னிலிருந்து:
அம்மா, 'இனம்' வேண்டாம் என்பது சரி. இலக்கணமும் உங்கள் பக்கம்தான். செந்தாமரையில் உள்ள 'செம்மை' இனமுள்ள அடை, அதாவது அதே வகையில் வேறும் உண்டு என்று காட்டும் அடைமொழி. வெண்தாமரையும் உண்டு என்பதால். நன்னூல் சொல்லும் எட்டு வகை விடைகளில் 'இனமொழி' ஒன்று, கேட்டதற்கு இனமான வேறொன்றைச் சொல்வது. அங்கெல்லாம் இனம் என்பது ஒத்த வகை. ஒரு வயிற்றுப் பிறப்பு அல்ல.

என் பரிந்துரை 'பங்காளிச்சொல்'. பாட்டன் சொத்தில் பங்குள்ளவன் பங்காளி. பெண் கொடுத்து எடுத்த வழியில் வந்தவன் சம்பந்தி. கடன் சொல்லையும் பிறப்புச் சொல்லையும் பிரிக்க இதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இல்லை. 'தாயாதி' என்று சிலர் சொல்லக்கூடும். அதில் உள்ளது தாய் அல்ல. தாயம், அதாவது பங்கு, வடசொல். தெலுங்கிலும் 'தாயாதி' உண்டு, அங்கும் கடன்தான். 1816இல் சென்னையில் ஆங்கில அதிகாரியாக இருந்த எல்லிஸ் தமிழையும் தெலுங்கையும் கன்னடத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார், கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்துக்கு 40 ஆண்டு முன்பே. அந்த ஒப்பீட்டுக்கு நம் மொழியில் தூய பெயர் வேண்டாமா?

வாக்வாவிலிருந்து:
ஐயா மன்னிக்க வேண்டும். என் மகளுக்கு வீட்டில் கிரியோல், பள்ளியில்தான் தமிழ். அவள் 'பங்காளி' என்ற சொல்லைக் கேட்டதே இல்லை. ஒரு சொல்லை விளக்க இன்னொரு சொல்லை விளக்க வேண்டியிருந்தால் பயன் என்ன? 'ஒருவேர்ச்சொல்' என்று வையுங்கள். படித்ததும் புரியும்.

கத்ர் போர்னிலிருந்து:
நட, நடை, நடத்தை மூன்றும் ஒரே வேர், ஒரே மொழிக்குள். அவையும் ஒருவேர்ச்சொல்லா?

ரோஸ் ஹில்லிலிருந்து:
இன்று வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பத்து இணை கொடுத்து, எது மிக நெருக்கம் என்று கேட்டேன். பெரும்பாலோர் 'ரத்தம்–ரக்தமு' என்பதில்தான் வட்டம் போட்டார்கள். இரண்டுமே வடமொழியிலிருந்து வந்தவை. பலகையில் ரத்தத்துக்கான சங்கச் சொல்லை 'நெய்த்தோர்' என்று எழுதி, பக்கத்தில் தெலுங்கு ஆசிரியை 'நெத்துரு' என்று எழுதினார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் கடைசி வரிசையில் ஒரு பையன், "அப்போ இது ரெண்டும்தான் ஃபாமியா, மிஸ்?" என்றான். கிரியோலில் சொந்தக்காரர்களை அப்படித்தான் சொல்வார்கள். இன்னொருத்தி, ரத்தத்துக்குப் பிரெஞ்சில் சொல்லும் 'சாங்'கும் கிரியோலில் சொல்லும் 'திசானு'ம் போலவா என்று கேட்டாள்.

ஐயா, நட–நடை தடை நியாயமானது. அதனால் 'ஒருவேர்ச்சொல்' என்று போட்டு, கீழே 'வேறு வேறு மொழிகளில்' என்று ஒரு வரி சேர்க்கிறேன். 'பங்காளி' உவமை ஆசிரியர் குறிப்பில் இருக்கும், சம்பந்தியும்.

வாக்வாவிலிருந்து:
என் ஆதரவு உண்டு. தெலுங்குத் தாளில் என்ன தலைப்பு?

ரோஸ் ஹில்லிலிருந்து:
அங்கும் இன்னும் முடிவாகவில்லை.

கத்ர் போர்னிலிருந்து:
சரி, தாள் போகட்டும். என் வாக்கு பங்காளிக்கே. அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன். ஒன்று மட்டும் இன்றே திருத்துங்கள்: தெலுங்கு 'செவி'க்கு எதிரே 'காது' போட்டிருக்கிறீர்கள். அதன் பக்கத்தில் நம் 'செவி'யையும் எழுதுங்கள்.