ஜாவா: உள் பேக்கேஜிலிருந்து கிளாஸை அணுக முடியவில்லை

கேள்வி (உசிலம்பட்டி):
வணக்கம். மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் அப்பா நடத்தும் கடைக்காக, ஜாவாவில் பில் போடும் நிரல் ஒன்றை எழுதி வருகிறேன். 'கடை' என்ற பேக்கேஜில் (கிளாஸ்களைத் தொகுத்து வைக்கும் பிரிவு) 'பூ' என்ற கிளாஸும் (ஆப்ஜெக்ட்களை உருவாக்குவதற்கான வார்ப்பு), 'கடை.பில்' என்ற பேக்கேஜில் அதைப் பயன்படுத்தும் கிளாஸும் உள்ளன. 'பூ' பப்ளிக் (எல்லோருக்கும் திறந்தது) அல்ல, அதன் பேக்கேஜுக்கு வெளியிலிருந்து அணுக முடியாது என்று கம்பைலர் (நிரலைச் சரிபார்த்து மாற்றித் தரும் கருவி) பிழை காட்டுகிறது. 'கடை.பில்' என்பது 'கடை'க்கு உள்ளேதானே இருக்கிறது? கிளாஸுக்கு முன்னால் நான் எந்தச் சொல்லும் எழுதவில்லை. புரொடெக்டட் (சொந்தப் பேக்கேஜுக்கும் துணைக் கிளாஸ்களுக்கும் மட்டும் திறந்தது) என்று எழுதினால் அதையும் ஏற்க மறுக்கிறது.

பதில் (மேலூர்):
தம்பி, போல்டருக்குள் போல்டர் இருப்பதைப் பார்த்து அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் ஜாவாவுக்கு அவை இரண்டும் வெவ்வேறு பேக்கேஜ்கள், பெயர் ஒட்டியிருப்பதால் எந்த உரிமையும் வந்துவிடாது. எதுவும் எழுதாமல் விட்ட கிளாஸ் தன் பேக்கேஜுக்குள் மட்டுமே தெரியும். இன்னொரு கிளாஸுக்குள் அடங்காமல் தனியாக நிற்கும் கிளாஸுக்குப் பப்ளிக் என்று எழுதலாம், அல்லது ஒன்றும் எழுதாமல் விடலாம். பிரைவேட் (அந்தக் கிளாஸுக்குள் மட்டும்), புரொடெக்டட் இரண்டுக்கும் அங்கே இடமில்லை. பப்ளிக் என்று மாற்றிவிட்டு, ஃபைலின் பெயரும் கிளாஸின் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி (உசிலம்பட்டி):
மாற்றினேன், அண்ணே. இப்போது 'பூ' ஆப்ஜெக்டை உருவாக்கும் வரியில், கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடும் பகுதி) பப்ளிக் அல்ல என்று வருகிறது.

பதில் (மேலூர்):
கன்ஸ்ட்ரக்டரை நீங்களே எழுதியிருப்பீர்கள். எழுதாமல் விட்டிருந்தால் கம்பைலர் தானாகச் சேர்க்கும் கன்ஸ்ட்ரக்டர், கிளாஸுக்கு உள்ள அணுகலையே பெற்றிருக்கும். கைப்பட எழுதியதற்கு நீங்கள்தான் பப்ளிக் என்று தனியாகச் சொல்ல வேண்டும். 'கடை.பில்' அழைக்கும் மெத்தட்களுக்கும் (கிளாஸுக்குள் ஒரு வேலையைச் செய்யும் பகுதிகள்) இதே விதிதான்.

பதில் (திருமங்கலம்):
இதே வேகத்தில் 'விலை' என்ற ஃபீல்டையும் (கிளாஸுக்குள் மதிப்பை வைத்திருக்கும் இடம்) பப்ளிக் ஆக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஒரே காலைக்குள் பலமுறை மாறும் என்பது உங்களுக்கே தெரியும். எந்தக் கிளாஸ் வேண்டுமானாலும் அதை நேரடியாக மாற்றலாம் என்றால், ஒரு பில்லில் விலை தவறாக இருக்கும்போது அது எங்கே மாறியது என்று கண்டுபிடிப்பது பெரும் பாடு. ஃபீல்டைப் பிரைவேட்டாக வைத்து, விலையை மாற்ற ஒரே ஒரு மெத்தட் எழுதுங்கள். பூச்சியத்துக்குக் குறைந்த விலையை அங்கேயே மறுக்கலாம், மாற்றிய நேரத்தையும் பதிந்து வைக்கலாம்.

கேள்வி (உசிலம்பட்டி):
கன்ஸ்ட்ரக்டருக்கும் பப்ளிக் சேர்த்தவுடன் நிரல் ஓடியது. பிறகு 'விலை'யைப் பிரைவேட் ஆக்கியதும் மூன்று இடங்களில் புதிதாகப் பிழை வந்தது. அவற்றில் ஒன்று, தள்ளுபடி கணக்கிடும்போது பூவின் விலையையே குறைத்து எழுதிய வரி. ஒருவருக்குத் தள்ளுபடி கொடுத்தபின் அடுத்து வந்தவருக்கும் குறைந்த விலையிலேயே பில் விழுந்ததற்குக் காரணம் அதுதான். இருவருக்கும் மிக்க நன்றி.